பொம்மைக்காரர் ஓவியம் வாங்குமுன் கயிறுகளைப் பாருங்கள்

தோளில் காவடி, அதன் இருபுறமும் கொள்ளாத சரக்கு, சுற்றிலும் துள்ளும் பிள்ளைகள். ஊர் ஊராகப் போய்ப் பொம்மையும் சில்லறைச் சாமானும் விற்கும் இந்தப் பொம்மைக்காரரைச் சீனத்தில் ‘ஹுவோலாங்’ என்பார்கள். அவரை வரைவது அங்கே தனி ஓவிய வகை. ‘சொங் காலத்து (சீனாவின் சொங் அரச மரபு, 960–1279) அசல்’ என்று யாராவது ஒரு பட்டோவியத்தை நீட்டினால், முதலில் லி சொங் வரைந்தவற்றோடு ஒப்பிடுங்கள்.

தச்சுத்தொழிலிலிருந்து வந்து தெற்கு சொங் அரசவை ஓவியரானவர் லி சொங். தைபேயில் உள்ள, அவர் 1210இல் வரைந்த ஒற்றை ஓவிய ஏடு வெறும் 25.8 × 27.6 செ.மீ. அதிலேயே, படத்திலுள்ள மரத்தின் தண்டில் ‘300 பொருள்’ என்று பொடி எழுத்தில் குறித்திருக்கிறார். பெய்ஜிங்கில் இருப்பது 1211இல் வரைந்தது, 70.4 செ.மீ. நீளச் சுருள்.

காற்றாடி, பறவைக்கூண்டு, கூடை, துடைப்பம், சுரைக்குடுக்கை என்று எல்லாம் நெருக்கியடித்துத் தொங்கும். ஆனாலும் ஒவ்வொன்றும் எதில் கட்டப்பட்டிருக்கிறது என்று கண்ணால் தொடர்ந்து போகலாம். நகலெடுப்பவர் சறுக்குவது இங்கேதான். பொருளை அச்சாகப் போட்டுவிடுவார், கயிறு மட்டும் பாதியில் மறைந்துபோகும், முடிச்சு எதையும் பிடித்திருக்காது. பிரம்புப் பின்னலும் மேலும் கீழுமாக மாறி மாறிப் போகாமல் வெறும் கட்டங்களாக நிற்கும்.

அடுத்து பத்து மடங்கு லென்ஸ். புள்ளிப்புள்ளியாகத் தெரிந்தால் அச்சுப்பிரதி. பட்டு கிழிந்திருக்கும் இடத்தில் மைக்கோடும் அங்கேயே அறுந்திருக்க வேண்டும். பிய்ந்த நூல் முனைகளுக்குள் மை ஊறியிருந்தால், பட்டு நைந்த பிறகுதான் வரைந்திருக்கிறார்கள். (அப்போதுகூட அவசரப்படாதீர்கள், பின்னாளில் செப்பனிட்டவர் தொட்ட மையாகவும் இருக்கலாம்.) எங்கும் ஒரே சீரான பழுப்பு நிறம் சாயம் ஏற்றியதன் அடையாளமாக இருக்கலாம். முத்திரைகளை நம்பி முடிவெடுக்காதீர்கள், அவற்றை எப்போது வேண்டுமானாலும் குத்தலாம்.

இந்த ஓவியங்களைச் சொங் காலக் கிராமத்தின் புகைப்படம்போல எடுத்துக்காட்டுவதும் தவறு. அரசவைக்காக வரைந்தவை இவை. நிறைந்த சரக்கும் நிறையப் பிள்ளைகளும் மங்கல வாழ்த்து. அத்தனையையும் ஒரே ஆள் தோளில் சுமந்து நடந்திருப்பாரா என்பதை நீங்களே யோசியுங்கள்.

கையிலிருப்பது பழைய பட்டுதான் என்றால், வெளிச்சம் 50 லக்ஸைத் (வெளிச்சத்தின் அலகு) தாண்டக் கூடாது. லேமினேஷன், செலோடேப் இரண்டும் வேண்டாம். பின்புறத் தாளைக் கோதுமை மாவுச்சத்துப் பசையில் ஒட்டத் தெரிந்த செப்பனிடுநரிடம் கொடுங்கள்.