கம்பியை அறுத்துவிட்டால் சிறுத்தை பிழைத்துவிடாது

நீலகிரியின் கூடலூர், பந்தலூர் பக்கம் தேயிலைத் தோட்ட வேலியில் வைத்த கம்பிச் சுருக்கில் சிறுத்தை மாட்டும்போதெல்லாம் வைத்தவர்கள் சொல்வது ஒரே பதில்தான்: "பன்றிக்குத்தான் வைத்தோம்." பழைய கிளட்ச் ஒயரில் போட்ட சுருக்கு, அந்த வழியாக எது வந்தாலும் இறுகும். கடமானும் மாட்டும், வீட்டு நாயும் மாட்டும்.

அதைவிட வேதனை, கூடி நிற்பவர்கள் சொல்வது: "கம்பியை அறுத்துவிடுங்க டாக்டர், ஓடிப்போயிடும்." ஓடலாம். ஓடியபின் சில நாளில் புதருக்குள் செத்தும் போகலாம். சிறுத்தையின் தலையும் முன்கால்களும் நுழைந்துவிட்டால் சுருக்கு இடுப்பில் போய் இறுகுகிறது. துள்ளத் துள்ள, தோல் கிழியாமலே உள்ளே குடலும் சிறுநீர்ப்பையும் நசுங்கும். ரத்தம் போகாத தசை செத்துக்கொண்டிருக்கும். கம்பி தளர்ந்ததும் அங்கே தேங்கிய நச்சு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தையும் இதயத்தையும் தாக்கும். வெளியே ஒரு சொட்டு ரத்தமில்லாத விலங்கைப் பார்த்தால்தான் எங்களுக்குப் பயம் அதிகம். கூண்டு, சலைன், கண்காணிப்பு எல்லாம் அதற்காகத்தான். தாமதம் என்று திட்டாதீர்கள்.

ஜைலசின், கெட்டமின் என்ற மயக்க மருந்துகள் கலந்த ஊசி பட்டபின் விலங்கு அடங்க 10 முதல் 15 நிமிடம் ஆகும். கூச்சலும் கல்வீச்சுமாக இருந்தால் மருந்து சரியாகப் பிடிக்காது, உடல் சூடும் ஏறும். கம்பி கட்டிய முளை பிடுங்கிக்கொண்டால் பாய்ச்சல் உங்கள் மேல்தான். வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டு, குறைந்தது 100 மீட்டர் தள்ளி, சத்தமில்லாமல் நில்லுங்கள். வீடியோ வேண்டாம், தயவுசெய்து.

"என் பட்டா நிலம்" என்பது சட்டத்தில் செல்லாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சுருக்கு வைப்பதே வேட்டை. எதுவும் மாட்டாவிட்டாலும் முயற்சி குற்றம்தான். சிறுத்தை அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில், உச்சப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள விலங்கு: 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. கேரளத்தில் 2022 முதல் உள்ளாட்சித் தலைவர்கள் பன்றியைக் கொல்ல அனுமதி தரலாம் என்பது உண்மை. எல்லைக்கு இந்தப் பக்கம் அது செல்லாது. தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் வந்த ஏற்பாட்டின்படி காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். அதற்கு அப்பால் சுடுவதும் வனத்துறையினரே.

நேந்திரன் வாழையும் மரவள்ளியும் ஒரே ராத்திரியில் போகும் வலி தெரியாமல் சொல்லவில்லை. சேதத்தைத் தொடாமல் படமெடுத்து, அடங்கலோடு (கிராமப் பயிர்க் கணக்கின் நகல்) வனச்சரகத்தில் இழப்பீட்டுக்கு மனுக் கொடுங்கள். சோலார் வேலி போடுவதானால் தமிழ்நாட்டின் 2023 மின்வேலி விதிகளின்படி பதிவு செய்து, தரச்சான்று பெற்ற எனர்ஜைசர் (வேலிக்கு விட்டுவிட்டு மின்துடிப்பு கொடுக்கும் கருவி) வையுங்கள். வீட்டு மின்சாரத்தை வேலியில் நேராகக் கொடுத்தால் அடுத்து சாவது உங்கள் வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம்.

தோட்டக்காரர்கள் வாரம் ஒருமுறை வேலியோரம் நடந்து பாருங்கள். வேலி இடைவெளி, ஓடைக்கரை, செடிகளுக்கிடையே விலங்கு நடந்து தேய்ந்த தடம், இங்கெல்லாம் முழங்கால் உயரத்தில் தேடுங்கள். வைத்தவன் மறந்துபோன சுருக்கும் துருப்பிடித்து அறும்வரை வேலை செய்யும். கண்டால் படமெடுத்து, வளையத்தை எதுவும் நுழையாதபடி முறுக்கிவிட்டு, அன்றைக்கே வனக்காவலருக்குச் சொல்லுங்கள்.