‘பரவலாக்கப்பட்ட’ நாணயமா, மையமற்ற நாணயமா?

பிட்காயினின் ஆயுள் எவ்வளவு என்று ஆராயும் தமிழ்க் கட்டுரைகளில் பெரும்பாலானவை அதைப் ‘பரவலாக்கப்பட்ட டிஜிட்டல் நாணயம்’ என்று அறிமுகம் செய்துவிட்டுத்தான் மேலே செல்கின்றன. ‘டீசென்ட்ரலைஸ்டு’ என்பதற்கு அகராதியில் கிடைத்த முதல் சொல்லை எடுத்து ஒட்டியதன் விளைவு இது. ‘பரவலாக்கப்பட்ட’ என்பது செயப்பாட்டுவினையில் அமைந்த பெயரெச்சம். அதைக் கேட்டவுடன் ‘யாரால்?’ என்ற கேள்வி எழுவது தமிழ் இயல்பு. ஒரு பொருள் முதலில் ஓரிடத்தில் குவிந்திருந்தது, அதை வைத்திருந்தவர் பிறருக்குப் பிரித்துக் கொடுத்தார், வேண்டுமானால் அவரே திரும்பவும் எடுத்துக்கொள்ளலாம் என்ற மூன்று கருத்துகளும் அந்த ஒரே சொல்லுக்குள் அடங்கியிருக்கின்றன. பிட்காயினைப் பொறுத்தவரை மூன்றுமே தவறு.

சொல்லின் பிறப்பை நீட்டி எழுத வேண்டியதில்லை. ‘சென்டர்’ என்பதன் வேர் ‘கென்ட்ரோன்’ என்ற கிரேக்கச் சொல். அது முதலில் தார்க்குச்சியின் கூர்முனையையும், பிறகு வட்டம் வரையும்போது கவராயத்தின் ஊன்றி நிற்கும் முனையையும் குறித்தது. ஆட்சியதிகாரம் பாரிசில் குவிந்ததைச் சொல்லப் பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் ‘சென்ட்ரலைசேஷன்’ வழக்குக்கு வந்தது. அதற்கு எதிரான சொல் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பரவியது. ஆக, பிறப்பில் இது ஆட்சியியல் சொல். கணினித் துறை அதை இரவல் வாங்கிக்கொண்டது.

தமிழில் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. அரசியலமைப்பின் 73ஆவது திருத்தம் ஊராட்சிகளுக்கு அதிகாரம் கொடுத்ததை ‘அதிகாரப் பரவலாக்கம்’ என்று சொல்வதில் எந்தப் பிழையும் இல்லை. அங்கே கொடுப்பவர் உண்டு, பெறுபவர் உண்டு, கொடுத்ததைக் குறைக்கும் வழியும் உண்டு. இலங்கையில் ‘பன்முகப்படுத்தப்பட்ட நிதி’ என்று ஆட்சித் தமிழ் சொல்வதும் அவ்வாறே பொருந்தும். அந்த நிதியை ஒதுக்குவது கொழும்பு. ஆனால் 2009 ஜனவரி 3 அன்று முதல் தொகுதி (பரிமாற்றங்களைப் பதியும் பேரேட்டின் ஒரு பக்கம் போன்றது) உருவான பிட்காயின் என்ற நாணயத்தில், எந்தக் கருவூலமும் எதையும் பங்கிட்டுக் கொடுக்கவில்லை. ஒதுக்கீட்டு ஆணைக்குப் பொருந்திய சொல் இங்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொண்டதற்குச் சோம்பலைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

இதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. ‘டிஸ்ட்ரிபியூட்டட்’ என்ற இன்னொரு சொல்லையும் நம் மொழிபெயர்ப்பாளர்கள் ‘பரவலாக்கப்பட்ட’ என்றே எழுதுகிறார்கள். மனம் இரங்கினால் ‘பகிர்ந்தளிக்கப்பட்ட’ என்கிறார்கள். இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதை பால் பாரன் 1964இல் வெளியிட்ட தொடர்பு வலையமைப்பு ஆய்விலேயே மூன்று படங்களாக வரைந்து காட்டிவிட்டார். முதல் படத்தில் எல்லாக் கோடுகளும் ஒரே புள்ளியில் சேர்கின்றன. இரண்டாவதில் பல சிறு மையங்கள் இருக்கின்றன. மூன்றாவதில் மையம் என்று எதையும் சுட்டிக்காட்ட முடியாத வலை இருக்கிறது. பிட்காயினின் எல்லாப் பரிமாற்றங்களையும் பதியும் கணக்கேட்டைப் ‘பகிர்ந்தளிக்கப்பட்ட பேரேடு’ என்று படிப்பவர், நியாயவிலைக் கடையில் அரிசி அளப்பதுபோல ஆளுக்கொரு பங்கு கணக்கு கொடுத்திருக்கிறார்கள் என்றுதான் நினைப்பார். உண்மையில் பிட்காயின் மென்பொருளை முழுமையாக இயக்கும் ஒவ்வொரு கணினியும் பேரேட்டை முதல் வரியிலிருந்து தானே சரிபார்க்கிறது. பழைய பதிவுகளைச் சேமிக்காமல் விடும் வசதி இருந்தாலும், பலர் முழுப் படியையே வைத்திருக்கிறார்கள். இங்கே பங்கு பிரிப்பு இல்லை, படியெடுப்புத்தான் இருக்கிறது. ‘பலபடிப் பேரேடு’ என்றால் பொருள் சட்டென்று விளங்கும். அழகில்லை என்பவர்கள் வேறு சொல் தரட்டும்.

‘மெய்நிகர் நாணயம்’ என்ற போட்டிச்சொல்லைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இந்திய ரிசர்வ் வங்கி 2022இல் சோதனை முறையில் வெளியிட்ட டிஜிட்டல் ரூபாயும் கையில் தொட முடியாததுதான். அதற்கு மும்பையில் ஒரு மையம் இருக்கிறது. தொட முடியுமா என்பதைக் கொண்டு இவ்விரண்டையும் பிரிக்க இயலாது. கணினித் திறனைச் செலவிட்டுப் பேரேட்டில் புதிய தொகுதிகளைச் சேர்த்து ஊதியம் பெறும் ‘மைனிங்’ வேலையைச் செய்பவர்களைச் ‘சுரங்கத் தொழிலாளர்கள்’ ஆக்கும் மொழிபெயர்ப்புகளைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

நான் ‘மையமற்ற நாணயம்’ என்றே எழுதுகிறேன். ஆயுள் பற்றிய கேள்வியைச் சரியாகக் கேட்க இந்தச் சொல் உதவுகிறது என்பதே முதன்மையான காரணம். டேவிட் சௌம் 1989இல் தொடங்கிய டிஜிகேஷ் நிறுவனம் 1998இல் நொடித்தது. அதன் மின்பணமும் அதோடு போயிற்று. 1996இல் வந்த இ-கோல்டு மீது அமெரிக்க அரசு 2007இல் வழக்குத் தொடுத்தது. நடத்தியவர்கள் மறு ஆண்டே குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள், நாணயம் முடங்கியது. இவற்றின் ஆயுள் நடத்தியவரின் ஆயுள்தான். மாறாக, சதோஷி நகமோட்டோ என்ற பெயரில் எழுதி பிட்காயினை உருவாக்கியவர் 2011இல் ஒதுங்கிக்கொண்ட பிறகும், பிட்காயினை வாங்கி விற்கும் மவுண்ட் காக்ஸ் சந்தை 2014இல் திவாலான பிறகும், சீனா 2021இல் மைனிங்கைத் தடைசெய்து வலையமைப்பின் கணிப்புத் திறனில் ஏறத்தாழப் பாதி சில வாரங்களில் அணைந்த பிறகும் பிட்காயினின் பேரேட்டில் புதிய தொகுதிகள் சேர்ந்துகொண்டே இருந்தன.

‘அற்ற’ என்பது மிகைக்கூற்று என்ற மறுப்பு வரும். அதில் நியாயம் உண்டு. 2010 ஆகஸ்ட் 15 அன்று ஒரு மென்பொருட்பிழையால் ஒரே தொகுதியில் 18,400 கோடிக்கு மேற்பட்ட பிட்காயின்கள் முளைத்தபோது, சதோஷி சில மணி நேரத்தில் திருத்தம் வெளியிட, அந்தத் தொகுதி கைவிடப்பட்டது. அன்று மையம் யார் என்று கேட்டால் பதில் இருந்தது. 2014 ஜூனில் பலர் தம் திறனை ஒன்றுசேர்த்து இயக்கிய ஜிஹாஷ் என்ற மைனிங் கூட்டு மொத்தத் திறனில் பாதியைத் தொட்டது. பின்னர் அதில் இருந்தவர்கள் விலகியதால்தான், ஒரே கூட்டு பேரேட்டைக் கட்டுப்படுத்திவிடும் என்ற அச்சம் தணிந்தது. இன்றும் ஒருசில பெரிய கூட்டுகளின் கையில்தான் பெரும்பகுதித் திறன் இருக்கிறது. ஆனாலும் ‘மையமற்ற’ என்பது அமைப்பின் நெறியைக் குறிக்கும் பெயர். நடைமுறையில் மையம் தலைதூக்கினால் அதைக் குறை என்று சுட்டிக்காட்டவும் அந்தப் பெயரே இடம் தருகிறது. ‘பரவலாக்கப்பட்ட’ என்று எழுதியவருக்கு அந்த வாய்ப்பு இல்லை; அவர் சொல்லிலேயே ஒரு மையத்தை ஏற்றுக்கொண்டுவிட்டார்.

இனி ஆயுள். நடத்தியவர் இல்லாத நாணயத்தில், அதை இயக்குவோருக்கு என்ன கிடைக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். தொகுதி ஒன்றுக்கு 50 பிட்காயினாகத் தொடங்கிய ஊதியம் 2,10,000 தொகுதிகளுக்கு ஒருமுறை, அதாவது ஏறத்தாழ நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை, பாதியாகிறது. 2024 ஏப்ரலில் அது 3.125 ஆயிற்று. 2140 வாக்கில் முற்றிலும் நின்றுபோகும்; பிறகு பரிமாற்றக் கட்டணம் மட்டுமே. அந்தக் கட்டணம் போதாமல் மைனிங் செய்வோர் விலகினால், பேரேட்டைத் தாக்கி மாற்றுவதற்கு ஆகும் செலவும் சேர்ந்து குறையும். விலைச்சரிவை விட எனக்கு இதுவே மெய்யான நோயாகத் தோன்றுகிறது.

அதற்கு முன்பே ஒரு தேதி காத்திருக்கிறது. ஒவ்வொரு தொகுதியின் தலைப்பிலும் நேரத்தைக் குறிக்க ஒதுக்கியிருக்கும் இடம் 32 பிட், அதாவது 32 இரும இலக்கங்கள். 1970 ஜனவரி 1 முதல் நொடிகளை எண்ணும் அந்த எண் 2106 பிப்ரவரி 7 அன்று நிரம்பிவிடும். ஒரு தொகுதியின் நேரம் அதற்கு முந்தைய பதினொரு தொகுதிகளின் இடைநிலை நேரத்தைவிட (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் நேரம்) பிந்தியதாக இருக்க வேண்டும் என்பது விதி. எண் நிரம்பியபின் அந்த விதிக்கு உட்பட்ட புதிய தொகுதி எதையும் சேர்க்க இயலாது. நிரலைத் திருத்துவது கடினமன்று. பழைய விதிகளோடு ஒத்துப்போகாத அந்தத் திருத்தத்தை எல்லோரும் ஏற்பதுதான் கடினம். கட்டளையிட ஒருவர் இல்லை. இதைத் தமிழில் சொல்ல நேரும்போது ‘2106க்குள் விதி மாற்றப்படும்’ என்று செயப்பாட்டுவினையில் எழுதுவது பொய். ‘2106க்குள் விதியை மாற்றிக்கொள்வார்களா?’ என்று கேட்பதே சரி.