குமிழி நின்றதும் பாட்டிலில் அடைக்காதீர்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் டிசம்பர் வெயில் ஏறியதும் எங்கள் கண் பிரிவுக்கு இந்தக் காயம் வந்துவிடுகிறது: வீட்டில் காய்ச்சிய பியர், வெடித்த பாட்டில், கண்ணுக்குள் கண்ணாடிச் சில்லு. கடைசியாக வந்தவர் சாட்ஸ்வொர்த்தைச் சேர்ந்த இளைஞர். கிழிந்த கருவிழியைத் தைத்துவிட்டோம். அந்தக் கண்ணுக்குப் பழைய பார்வை திரும்பாது. "பியரில் என்ன கலந்துவிட்டது, டாக்டர்?" என்று அவருடைய அம்மா கேட்டார். எதுவும் கலக்கவில்லை, அம்மா. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று வாயுவாக்கி முடிக்கும் முன்பே பாட்டிலை மூடிவிட்டார்கள்.

பியர் காய்ச்சுவதே தவறு என்று நான் சொல்லவில்லை. 2020 ஊரடங்கில் மது விற்பனைக்குத் தடை வந்தபோது இங்கே எத்தனையோ வீடுகளில் அன்னாசி பியர் போட்டார்கள். சோளத்திலும் மக்காச்சோளத்திலும் உம்கொம்போத்தி என்ற பாரம்பரிய பியர் காய்ச்சுவது இந்த மண்ணின் பழைய வழக்கம். ஆனால் அதை யாரும் இறுக மூடி மாதக்கணக்கில் வைப்பதில்லை, பொங்கிக்கொண்டிருக்கும்போதே குடித்துவிடுகிறார்கள். முளைகட்டிய தானியத்தில் செய்யும் மால்ட் பியரை நாம் பாட்டிலில் அடைத்து வைக்கிறோம். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

காயத்தோடு வருகிறவர்களிடம் விசாரித்தால் ஒரே பதில்: "குமிழி நின்றுவிட்டது, அதனால் நொதித்தல் முடிந்தது என்று நினைத்தேன்." இல்லை. முடியவில்லை. பியர் நொதிக்கும் வாளியின் மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் வாயு ஓரமாகக் கசிந்துவிடும், ஏர்லாக்கில் (வாயுவை வெளியே மட்டும் விடும் நீர்க்குழாய்) குமிழி தெரியாது. இரவில் குளிர்ந்தால் ஈஸ்ட் சோம்பிப் படுத்துவிடும், குமிழி நிற்கும். பாட்டிலில் அடைத்த பிறகு வெயில் வந்ததும் அதே ஈஸ்ட் விழித்துக்கொண்டு மிச்சச் சர்க்கரையைத் தின்னத் தொடங்கும். அப்போது வாயு போக வழியே இருக்காது.

குமிழியை விடுங்கள், பியரின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரைப் பாருங்கள். சர்க்கரை தீரத் தீர அதன் அளவு இறங்கும். 1.048இல் தொடங்கிய சாதாரண பியர் பெரும்பாலும் 1.010 அல்லது 1.012 அளவில்தான் முடியும். 1.020இல் குமிழி நின்றது என்று அடைத்தால் என்ன ஆகும்? மிச்சமிருக்கும் ஒவ்வொரு 0.001க்கும், பியரின் கன அளவில் ஏறக்குறைய பாதி அளவு கரியமில வாயு உண்டாகும். எட்டுப் புள்ளி (0.008) மிச்சமென்றால் பியரைப் போல நான்கு மடங்கு வாயு. நுரைக்காக நீங்கள் போடும் சர்க்கரை தருவது தனி. சாதாரண பியரில் மொத்தமே இரண்டரை மடங்குதான் இருக்கும்! இரண்டு மூன்று நாள் இடைவெளியில் இரண்டு முறை அளந்து பாருங்கள். அளவு மாறாமலும், எதிர்பார்த்த இடத்துக்கு வந்தும் இருந்தால் மட்டும் அடையுங்கள். 1.020இலேயே அசையாமல் நின்றால் அது முடிவல்ல, தேக்கம். வாளியைச் சற்றுக் கதகதப்பான இடத்துக்கு மாற்றிக் காத்திருங்கள்.

நுரைக்கான சர்க்கரை லிட்டருக்கு 6 கிராம். ஐந்து லிட்டருக்கு 30 கிராம். தராசில் நிறுங்கள், கரண்டிக் கணக்கு வேண்டாம். பாத்திரங்களைக் கிருமி நீக்காமல் விட்டால் பியர் ஈஸ்ட் தொடாத சர்க்கரையையும் காட்டு ஈஸ்ட் தின்று வாயுவாக்கும், அதுவும் வெடிப்பில்தான் முடியும்.

ஊறுகாய் ஜாடி, ஒயின் பாட்டில், அழகுக்கு விற்கும் சதுரக் குப்பி எதுவும் இந்த அழுத்தத்துக்குச் செய்யப்பட்டவை அல்ல. புதியவர்களிடம் கெஞ்சியே கேட்கிறேன்: முதல் சில தடவைகள் சுத்தமான பிளாஸ்டிக் சோடா பாட்டிலில் அடையுங்கள். விரலால் அழுத்திப் பாருங்கள். கல்லாக இறுகியதும் ஃபிரிட்ஜில் வையுங்கள். கண்ணாடிதான் வேண்டுமென்றால் மூடியுள்ள பெட்டிக்குள், குளிர்ச்சியான அலமாரியில் வையுங்கள். கார் டிக்கியில் போட்டு பிராய்க்கு (வெளியில் இறைச்சி சுடும் விருந்து) எடுத்துப் போகாதீர்கள். ஒரு பாட்டில் வெடித்தால் மற்றவையும் வெடிக்கக்கூடும். கண்ணுக்குக் கவசமும் தடித்த கையுறையும் இல்லாமல் அருகில் போகவே வேண்டாம். குழந்தைகளை அந்த அறையிலிருந்து முதலில் வெளியேற்றுங்கள்.

சில்லு கண்ணில் பட்டுவிட்டால் தேய்க்காதீர்கள், பிடுங்காதீர்கள், கழுவாதீர்கள். (பாத்திரம் சுத்தம் செய்யும் காரக் கரைசல் தெறித்தால் மட்டும் உடனே குழாய் நீரில் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் கழுவ வேண்டும், இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.) காகிதக் குவளையின் அடிப்பாகத்தை வெட்டி, கண்ணை அழுத்தாதபடி மேலே கவிழ்த்து ஒட்டுங்கள். அறுவை சிகிச்சைக்கு மயக்க மருந்து தேவைப்படலாம், ஆகவே காயம்பட்டவருக்குச் சாப்பாடோ தண்ணீரோ கொடுக்காதீர்கள். வலி குறைந்துவிட்டது, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தூங்கப்போகாதீர்கள். அந்த இரவே மருத்துவமனைக்கு வாருங்கள்.