உடைந்த சில்லுக்குள் சூரியன்

போன மாதம் ஒரு பள்ளிக்கூடத்தில் விண்வெளி பற்றிப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். கேள்வி நேரத்தில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்தாள். "சார், விக்ரம் நிலாவுல விழுந்து நொறுங்கிடுச்சே, அவ்வளவு காசும் போனது போனதுதானா? நொறுங்கினதுல இருந்து ஏதாவது எடுக்க முடியுமா?"

முதல் பாதிக்கு அங்கேயே பதில் சொன்னேன். சந்திரயான் 2 திட்டத்துக்கு ஆன செலவு 978 கோடி ரூபாய். 2019 செப்டம்பர் 7 அதிகாலையில் விழுந்தது விக்ரம் என்ற தரையிறங்கு கலம் மட்டும்தான். மேலே சுற்றிக்கொண்டிருந்த கலத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அது எடுத்த படங்களை வைத்துத்தான் அடுத்த கலம் இறங்க இடம் பார்த்தார்கள். விக்ரம் ஏன் விழுந்தது என்று அலசியதில் சந்திரயான் 3-க்குக் கால்கள் உறுதியாயின, எரிபொருள் கூடியது, அரை கிலோமீட்டர்ச் சதுரமாக இருந்த இறங்குமிடம் 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டராக விரிந்தது. 2023 ஆகஸ்ட் 23 மாலை அது பத்திரமாக இறங்கியதை அந்தப் பெண்ணும் டிவியில் பார்த்திருக்கிறாள்.

இரண்டாவது பாதிக்கு வருவதற்குள் மணி அடித்துவிட்டது. எனக்குப் பிடித்த கேள்வியே அதுதான். விழுந்து நொறுங்கிய கலத்தின் சில்லுகளைப் பொறுக்கி, அந்தச் சில்லுகளிலேயே அறிவியல் செய்ய முடியுமா? முடியும். செய்திருக்கிறார்கள். நாசாவின் ஜெனிசிஸ் கலத்தைப் பற்றி அன்று சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன்.

சூரியனிலிருந்து ஒரு சிட்டிகை அள்ளிவரப் போன கலம் அது. சூரியனுக்குப் பக்கத்தில் போக வேண்டியதில்லை. அதன் மேற்பரப்பிலிருந்து நொடிக்கு 300 முதல் 800 கிலோமீட்டர் வேகத்தில் அயனிகள், அதாவது மின்னூட்டம் பெற்ற அணுக்கள், எந்நேரமும் வீசிக்கொண்டிருக்கின்றன. இதைத்தான் சூரியக் காற்று என்கிறோம். நம் சூரியக் குடும்பத்தின் மொத்தப் பொருளில் 99.8 சதவீதம் சூரியனிடம்தான் இருக்கிறது. 460 கோடி ஆண்டுகளுக்கு முன் எந்த மேகத்திலிருந்து பூமியும் செவ்வாயும் விண்கற்களும் பிறந்தனவோ, அந்த மூல மேகத்தின் கலவையைச் சூரியனின் வெளி அடுக்கு பெரும்பாலும் அப்படியே காப்பாற்றி வைத்திருக்கிறது. அதை அளந்துவிட்டால், மற்றவை எல்லாம் எப்படி மாறின என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். பூமியில் இருந்துகொண்டு இதைப் பிடிக்க முடியாது, நம் காந்தப்புலம் தடுத்துவிடும். 1969-இல் அப்பல்லோ 11 வீரர்கள் நிலவில் ஓர் அலுமினியத் தாளை 77 நிமிடம் விரித்து வைத்துக் கொஞ்சம் பிடித்தார்கள். இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் நிமிடக் கணக்கு போதாது.

ஜெனிசிஸ் 2001 ஆகஸ்ட் 8 அன்று கிளம்பி, பூமியிலிருந்து சூரியன் இருக்கும் பக்கமாக 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் எல்1 புள்ளிக்குப் போனது. இன்று நம் ஆதித்யா எல்1 இருப்பதும் அந்தப் புள்ளியைச் சுற்றித்தான். அங்கே போய், மொட்டை மாடியில் வடகம் காயப் போடுவதுபோல், மிகத் தூய்மையான சிலிக்கான், நீலக்கல், தங்கம், வைரப் படலம் ஆகியவற்றால் ஆன அறுகோண வில்லைகளைத் தட்டுத் தட்டாக விரித்துவைத்துக்கொண்டு 27 மாதம் காத்திருந்தது. இத்தனை நாளில் சேர்ந்த சூரியப் பொருள் ஏறத்தாழ 0.4 மில்லிகிராம். நாலைந்து உப்புக் கல் எடை.

2004 செப்டம்பர் 8. அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்துக்கு மேலே இரண்டு ஹெலிகாப்டர்கள் வட்டமிட்டுக்கொண்டிருந்தன. வில்லைகளைச் சுமந்து பாராசூட்டில் மிதந்து வரும் பெட்டகத்தை நடுவானிலேயே கொக்கி போட்டுப் பிடிப்பதாகத் திட்டம். தரையில் இடித்தால் மெல்லிய வில்லைகள் உடைந்துவிடும் என்பதால்தான் இவ்வளவு ஏற்பாடும். இதற்காகவே சினிமாவில் ஹெலிகாப்டர் சாகசம் செய்யும் விமானிகளை வைத்திருந்தார்கள். கேமராவில் பெட்டகம் தெரிந்தது. பாராசூட் இல்லை. காற்றில் குட்டிக்கரணம் போட்டபடி வந்து, மணிக்கு 311 கிலோமீட்டர் வேகத்தில் பாலைவன மண்ணில் பாதி புதைந்தது. ஓடு பிளந்து, உள்ளே ஈரச் சேறு புகுந்தது.

ஏன்? பெட்டகம் காற்று மண்டலத்தில் நுழையும்போது பலத்த பிரேக் போட்டதுபோல் வேகம் குறையும். அதை உணர்ந்து பாராசூட்டுக்கு உத்தரவு கொடுக்க வேண்டியவை சில சின்ன சுவிட்சுகள். ஒவ்வொன்றும் பென்சில் முனையில் ரப்பரைப் பிடித்திருக்கும் உலோகப் பட்டை அளவுதான். உள்ளே ஒரு எடை, ஒரு ஸ்பிரிங். பஸ்ஸில் டிரைவர் பிரேக் அடித்தால் நாம் முன்னால் சாய்கிறோம் இல்லையா, அப்படி எடை முன்னால் சாய்ந்து மின்சுற்றை இணைக்க வேண்டும். ஜெனிசிஸில் அவற்றைத் தலைகீழாகப் பொருத்திவிட்டார்கள். பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பவருக்கு பிரேக் அடித்தால் முதுகு சீட்டில் அழுந்துமே தவிர, முன்னால் சாய மாட்டார். பொருத்திய தொழிலாளர்கள் மேல் தப்பில்லை. வரைபடத்திலேயே அப்படித்தான் இருந்தது. ஒன்று பழுதானால் இன்னொன்று இருக்கட்டும் என்று கூடுதல் சுவிட்சும் வைத்திருந்தார்கள். ஆனால் எல்லாம் ஒரே வரைபடத்தைப் பார்த்துப் பொருத்தியவை, எல்லாமே தலைகீழ். மையவிலக்கு இயந்திரத்தில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றியிருந்தால் தெரிந்திருக்கும். அந்தச் சோதனை பட்டியலில் இருந்து, பிறகு கைவிடப்பட்டது. ஸ்டார்டஸ்ட் என்ற முந்தைய கலத்தின் வடிவமைப்பைத்தானே தழுவியிருக்கிறோம் என்ற நம்பிக்கை.

சரி, இனிதான் நான் சொல்ல வந்த விஷயம்.

எங்கள் தெருவில் ஒரு கல்யாணத்துக்கு வாசலில் வாழைமரம் கட்ட நானும் கை கொடுத்தேன். அன்று கட்டியிருந்த வெள்ளை வேட்டியில் தெருப் புழுதியும் பட்டது, வாழைச்சாறும் பட்டது. புழுதி ஒரு அலசலில் போய்விட்டது. வாழைக்கறை இன்றைக்கும் இருக்கிறது. புழுதி நூலின் மேலே உட்கார்ந்திருந்தது. சாறு நூலுக்குள் இறங்கிவிட்டது. ஜெனிசிஸைக் காப்பாற்றியதும் இந்த வித்தியாசம்தான்.

சூரிய அயனி ஒன்று வில்லையை நோக்கி வரும் வேகத்தைப் பாருங்கள், நொடிக்கு சுமார் 4 லட்சம் மீட்டர். அந்த வேகத்தில் வந்து சிலிக்கானில் மோதும்போது அது மேற்பரப்பில் ஒட்டி நிற்பதில்லை. திருவிழாக் கூட்டத்தில் ஓடி வந்து நுழைந்தவன்போல் சிலிக்கான் அணுக்களை இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே போகிறது. ஒவ்வோர் இடிக்கும் கொஞ்சம் ஆற்றல் குறைந்து, சில பத்து நானோமீட்டர் ஆழத்தில் நின்றுவிடுகிறது. ஒரு தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஆழம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரே வேகத்தில் வந்தாலும் ஆக்சிஜன் ஹைட்ரஜனைப்போல 16 மடங்கு கனம், எனவே ஆற்றலும் 16 மடங்கு. அது இன்னும் கொஞ்சம் கீழே போய் நிற்கும். நின்றபின் சாதாரண வெப்பநிலையில் அங்கிருந்து நகர வழியில்லை. சுற்றிலும் படிக அணுக்கள் அடைத்து நிற்கின்றன.

யூட்டா சேறு வந்த வேகம் எவ்வளவு? நொடிக்கு 86 மீட்டர். அதால் வில்லையைக் கீறலாம், உடைக்கலாம், மேலே அப்பிக்கொள்ளலாம். அணுக்களுக்கு நடுவே நுழைய முடியாது. ஆக, உடைந்து சேறு பூசிக் கிடந்த ஒவ்வொரு சில்லிலும் மேலே பாலைவனம், அதற்கு வெகு அருகே கீழே சூரியன். கண்ணாடி உடைந்தால் அதில் பட்ட நிழல் உடையும். அதற்குள் ஊறிய சாயம் உடையாது, சில்லு சில்லாக இருக்கும், அவ்வளவுதான்.

மேலே இருப்பதைக் கழுவ மிகத் தூய்மையான நீரை மீயொலி அதிர்வோடு பாய்ச்சினார்கள். சில சில்லுகளுக்கு அமிலமும் தேவைப்பட்டது. அப்புறம் அயனிக் கற்றையால் மேற்பரப்பை அடுக்கடுக்காகச் சுரண்டி, வெளியே வரும் அணுக்களை எண்ணுவார்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. சுரண்டும் கற்றையே மேலிருக்கும் மிச்ச அழுக்கைக் கொஞ்சம் உள்ளே தள்ளிவிடும், அப்போது பாலைவனத்தையும் சேர்த்து எண்ண வேண்டிவரும். அதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. சில்லைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தைத் தேய்த்துத் தேய்த்து மெலிதாக்கி, பின்னாலிருந்து தோண்டினார்கள். வாசலில் சேறு என்றால் கொல்லைப்புறமாக வீட்டுக்குள் போவதுபோல. முதலில் தூய சிலிக்கான் வரும், பிறகு சூரியன் வரும், கடைசியில்தான் சேறு.

இன்னொரு ஏற்பாட்டையும் சொல்லியே ஆக வேண்டும். சூரியக் காற்று எப்போதும் ஒரே மாதிரி வீசாது. மெதுவாக வீசும் காற்று, வேகமான காற்று, சூரியன் வெடித்து உமிழும்போது வரும் காற்று என்று வகைகள் உண்டு. எது வீசுகிறது என்று கலமே பார்த்து, அந்தந்த வகைக்கு உரிய தட்டை வெளியே நீட்டியது. எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்கும் தட்டுகள் தனி. இப்போது எல்லாம் உடைந்து கலந்துவிட்டால் எந்தச் சில்லு எந்தத் தட்டினுடையது என்று எப்படித் தெரியும்? ஜெனிசிஸ் குழு அதைப் பறப்பதற்கு முன்பே யோசித்திருந்தது. வில்லைகளின் தடிமனையே அடையாளமாக வைத்திருந்தார்கள். பொதுத் தட்டுகளுக்கு 700 மைக்ரோமீட்டர். மற்ற மூன்றுக்கும் 650, 600, 550. விபத்துக்குப் பின் 15,000-க்கும் மேற்பட்ட சில்லுகள் கிடைத்தன. ஒவ்வொன்றின் தடிமனையும் அளந்தால் போதும், அது எந்த வகைக் காற்றில் காய்ந்தது என்று சொல்லிவிடலாம். இதை முதன்முதலில் படித்தபோது எழுந்து அறையில் ஒரு நடை நடந்துவிட்டு வந்து மறுபடி படித்தேன்.

ஆக்சிஜன், நைட்ரஜன் போன்றவற்றுக்குத் தனிக் கருவி இருந்தது. மின்னழுத்தம் ஏற்றிய குழிந்த ஆடிபோல அயனிகளைத் திருப்பி, உள்ளங்கைக்குள் அடங்கும் ஓர் இலக்கில் சுமார் 20 மடங்கு செறிவாகக் குவித்தது. அந்த இலக்கின் நான்கு கால்வட்டத் துண்டுகளில் மூன்று முழுசாகத் தப்பின. 2011-இல் முடிவுகள் வெளிவந்தன. சூரியனோடு ஒப்பிட்டால் பூமியில் ஆக்சிஜன் 17, ஆக்சிஜன் 18 என்ற கனமான ஐசோடோப்புகள் (ஒரே தனிமத்தின் வெவ்வேறு எடையுள்ள அணுக்கள்) இரண்டும் சுமார் 6 சதவீதம் அதிகம். நைட்ரஜன் 15 சூரியனில் நம் காற்றில் இருப்பதைவிடச் சுமார் 40 சதவீதம் குறைவு. நாம் மூச்சு விடும் காற்றும் குடிக்கும் தண்ணீரும் சூரியனின் கலவையிலிருந்து விலகியவை.

6 சதவீதம் என்ற எண்ணைவிட "இரண்டும்" என்ற சொல்தான் முக்கியம். ஆவியாதல், உறைதல் போன்ற சாதாரண மாற்றங்கள் எடையைப் பொறுத்தவை. ஆக்சிஜன் 18 எவ்வளவு கூடுகிறதோ, அதில் ஏறத்தாழ பாதிதான் 17 கூடும். இங்கே இரண்டும் ஒரே அளவு கூடியிருக்கின்றன. அப்படியென்றால் வேலை செய்தது வெறும் எடை வித்தியாசம் இல்லை. மூல மேகத்திலிருந்த கார்பன் மோனாக்சைடைப் புற ஊதா ஒளி பிளந்தது என்பது இதற்கு வலுவான விளக்கம். ஆக்சிஜன் 16 உள்ள மூலக்கூறுகள் ஏராளம், அவற்றைப் பிளக்கும் ஒளி மேகத்தின் வெளி ஓரத்திலேயே செலவாகிவிடும். 17, 18 உள்ளவை அரிது, அவற்றைப் பிளக்கும் ஒளி உள்ளே வெகுதூரம் வரும். அப்படி விடுபட்ட கனமான ஆக்சிஜன் தண்ணீராகி, பனியாகி, பூமியாகப் போகிற தூசியோடு சேர்ந்தது. பிறந்த மேகத்தின் மேல் அடித்த வெளிச்சத்தின் தடம் இன்னும் நம்மிடம் இருக்கிறது.

இதற்கான செலவு 26 கோடியே 40 லட்சம் டாலர், அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 1,200 கோடி ரூபாய். விபத்தால் இழப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். சுத்தம் செய்யவே வருடங்கள் போயின. முழு வில்லையில் எளிதாக அளந்திருக்கக்கூடிய அரிய தனிமங்களைத் துண்டுகளில் தேட வேண்டியிருந்தது. பல ஆய்வாளர்களின் உழைப்பு அழுக்கோடு போராடுவதிலேயே கழிந்தது. ஒரு சுழற்சிச் சோதனைக்கு ஆகியிருக்கக்கூடிய செலவை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிதி நெருக்கடி வந்தால் முதலில் வெட்டப்படுவது சோதனைகள்தான் என்பது எல்லா நாட்டிலும் நடக்கிறது. கருவி கண்ணுக்குத் தெரியும், சோதனை தெரியாது. என்னைக் கேட்டால், திட்டத்துக்குப் பணம் ஒதுக்கும்போதே சோதனைக்கான தொகையை வேறெதற்கும் திருப்ப முடியாதபடி பூட்டிவைக்க வேண்டும்.

விக்ரம் விழுந்த வாரத்தில் "நேரம் சரியில்லை", "கண் பட்டுவிட்டது" என்றெல்லாம் வாட்ஸ்அப்பில் வந்ததை நானும் படித்தேன். ஏவுவதற்கு முன் கோயிலுக்குப் போகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. கலிபோர்னியாவில் நாசாவின் ஜெபிஎல் ஆய்வகக் கட்டுப்பாட்டு அறையிலும் 1964 முதல் முக்கியமான நாளில் நிலக்கடலை சாப்பிடும் வழக்கம் இருக்கிறது. பதற்றத்தில் இருக்கும் மனிதருக்கு ஒரு பிடிமானம் வேண்டியிருக்கிறது. விழுந்த பிறகு நேரத்தின் மேல் பழி போடுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அதோடு தேடல் நின்றுவிடும். ஜெனிசிஸ் விசாரணைக் குழு சுவிட்சைத் தேடிப் பிடித்தது, வரைபடத்தைப் பிடித்தது, அந்த வரைபடம் எத்தனை மறுஆய்வுகளைத் தாண்டி வந்தது என்பது வரை எழுதிவைத்தது.

அந்த நேரத்தில் ஸ்டார்டஸ்ட் கலம் ஒரு வால்நட்சத்திரத்தின் தூசியோடு பூமிக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. 2006 ஜனவரி 15 அன்று அதே யூட்டா பாலைவனத்தில் பாராசூட் விரிந்து மெதுவாக இறங்கியது. 2023 செப்டம்பர் 24 அன்று பென்னு குறுங்கோளின் 121.6 கிராம் மண்ணோடு ஓசைரிஸ் ரெக்ஸ் பெட்டகம் வந்து சேர்ந்ததும் அங்கேதான். அதிலும் முதல் பாராசூட் உரிய உயரத்தில் விரியவில்லை. வரைபடங்களில் "முதன்மை" என்ற ஒரே சொல்லை இரண்டு இடத்தில் இரண்டு பொருளில் எழுதியதால் கம்பி இணைப்பு மாறிப்போயிருந்தது. பெரிய பாராசூட் விரிந்து காப்பாற்றியது.

ஜெனிசிஸ் சில்லுகள் ஹூஸ்டனில், நாசாவின் ஜான்சன் விண்வெளி மையத்தில் இருக்கின்றன. விரல் நகத்தைவிடச் சிறியவைதான் நிறைய. ஆய்வாளர்கள் தங்களுக்கு எந்த வகைக் காற்று, எந்தப் பொருளில் வேண்டும் என்று கேட்டு எழுதுவார்கள். தடிமன் பார்த்து எடுத்து, கழுவி, ஒரு சில்லை அனுப்பிவைப்பார்கள்.