பந்தயக் காரின் பெட்ரோல்: பங்க் முதல் டேங்க் வரை விதிகள்

கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தளத்துக்குச் சொந்தச் செலவில் கார் தயாரித்துக் கொண்டுபோகும் பலர், தீப்பாதுகாப்பு என்பது பந்தயத்துக்கு முன் நடக்கும் வாகனச் சோதனையோடு முடிந்துவிடுவதாக நினைக்கிறார்கள். அதற்கு முன்பே, பெட்ரோலை வாங்கிப் பட்டறையில் வைக்கும் நாளிலேயே, ஒரு மத்தியச் சட்டம் அவர்களைக் கட்டுப்படுத்துகிறது.

1934ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டத்தின்படி, 23 டிகிரி செல்சியசுக்குக் கீழே தீப்பற்றும் ஆவியைத் தரும் எரிபொருள்கள் 'ஏ' வகையைச் சேர்ந்தவை. பெட்ரோல் அவற்றுள் ஒன்று. விற்பனைக்கு அல்லாமல் ஒருவர் உரிமம் இன்றி வைத்துக்கொள்ளக்கூடிய 'ஏ' வகை எரிபொருள் மொத்தம் 30 லிட்டர் என்று அதன் 8ஆம் பிரிவு கூறுகிறது. கலன் கண்ணாடியாலோ பீங்கானாலோ ஆனதென்றால் ஒரு லிட்டருக்கும், உலோகமென்றால் 25 லிட்டருக்கும் மேற்படக் கூடாது. வாய் இறுக மூடப்பட்டிருக்க வேண்டும். நம் பட்டறைகளில் மூலைக்கு மூலை நிற்கும் பிளாஸ்டிக் கேன் இந்தப் பட்டியலிலேயே இல்லை. மோட்டார் வாகன உரிமையாளர் வண்டியின் டேங்கில் உள்ளது போக 90 லிட்டர் வரை வைத்துக்கொள்ள 9ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் அந்தச் சலுகை வாகனப் பதிவுச் சட்டத்தைப் பின்பற்றியவருக்கு உரியது என்பதால், பதிவு எண் இல்லாத பந்தயக் காரை வைத்திருப்பவர் 30 லிட்டரையே தம் எல்லையாகக் கொள்வது நல்லது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. காருக்கு அடியில் வேலை செய்ய வெட்டிய குழியில் அது இறங்கித் தங்கும் என்பதால், கேனைக் குழியருகே வைப்பதையும் தவிர்க்க வேண்டும்.

காரைப் பொறுத்தவரை, எப்.ஐ.ஏ. எனப்படும் உலகக் கார் பந்தயச் சம்மேளனத்தின் விதித்தொகுப்பில் 'ஜே' பின்னிணைப்பில் உள்ள 253ஆம் பிரிவே பொதுவான அளவுகோல். அது குறிப்பிடும் எப்டி3-1999, எப்டி3.5-1999, எப்டி5-1999 தரங்களுக்குரிய டேங்க், மோதலில் கிழியாமல் வளைந்துகொடுக்கும் பை போன்றது; உள்ளே நிரப்பிய நுரைப்பஞ்சு எரிபொருள் அலைமோதுவதைத் தடுக்கிறது. லேத்துக்கும் வெல்டிங்குக்கும் பஞ்சமில்லாத கோவையில் அலுமினியத் தகட்டில் ஒரு டேங்க் அடித்துக்கொள்வது எளிதுதான். ஆனால் மோதலின்போது தகடு வளைந்து வெல்டிங் விளிம்பில் பிளக்கக்கூடும் என்பதை அதை அடிப்பவரே ஒப்புக்கொள்வார். தரச்சான்று பெற்ற டேங்கின் ஆயுள் உற்பத்தித் தேதியிலிருந்து ஐந்து ஆண்டுகள். உற்பத்தியாளரே சோதித்து மறுசான்று அளித்தால் மேலும் இரண்டு ஆண்டுகள் வரை நீளும். காரில் பொருத்திய நாளிலிருந்து கணக்கிடுவது தவறு. பழைய டேங்க் வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது அதன்மேல் உள்ள தேதியைத்தான். தொழிற்சாலை டேங்கையே அனுமதிக்கும் பந்தய வகுப்புகளும் உண்டு.

டேங்க் உறுதியாக இருந்தாலும் குழாயின் இணைப்பு கசிந்து, சூடான புகைபோக்கிக் குழாயில் பெட்ரோல் சொட்டினால் தீப்பிடிக்க அதுவே போதும். எனவே வளையும் குழாய்களுக்குத் தேய்மானத்தையும் தீயையும் தாங்கும் பின்னல் உறையும், திருகு அல்லது அழுத்திப் பொருத்தும் இணைப்புகளும் கேட்கப்படுகின்றன; கிளிப் போட்டு இறுக்கிய சாதாரண ரப்பர் குழாய் அந்தத் தேவையை நிறைவு செய்யாது. எஞ்சின் ஓடும்போதும் ஸ்டார்ட் செய்யும்போதும் மட்டுமே எரிபொருள் பம்ப் இயங்க வேண்டும். மின்சாரம் முழுவதையும் துண்டித்து எஞ்சினையும் நிறுத்தும் சுவிட்ச், உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் எட்ட வேண்டும். அதன் அடையாளம், வெள்ளை விளிம்பிட்ட நீல முக்கோணத்துள் சிவப்பு மின்னல். கைத் தீயணைப்பானில் பொடி வகையென்றால் குறைந்தது 2 கிலோவும், ஏஎப்எப்எப் நுரை வகையென்றால் 2.4 லிட்டரும் இருக்க வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதைச் சோதனைக்கு உட்படுத்த வேண்டும்.

இவற்றில் எது தம் வகுப்புக்குப் பொருந்தும் என்பதை, அந்தந்தப் பந்தயத்துக்கு வெளியிடப்படும் துணை விதிகளில் பார்த்துக்கொண்டு பாகங்களை வாங்க வேண்டும்.