ஃப்ராக்: தண்டவாளத்துல இருக்கறது தவளை இல்ல

மாடல் ரயில் வெச்சிருக்கறவங்க கிட்ட எஞ்சின் எங்க நிக்குதுன்னு கேட்டா அனேகமா வர்ற பதில் "பாயிண்ட்ல நிக்குது"ங்கறதுதான். இன்னும் கொஞ்சம் துருவி கேட்டா "ஃப்ராக் மேல போனதும் செத்துடுது"ம்பாங்க. இந்த ஃப்ராக்க மெஷின்ல போட்டு தமிழாக்கினா தவளைன்னு வரும், "தவளையை மென்மையான துணியால் துடைக்கவும்"னு ஒரு மெயின்டனன்ஸ் குறிப்ப படிச்சா புதுசா வர்ற ஆளு என்னன்னு நினைப்பான்? அதனால இந்த ஒரு சொல்ல மட்டும் எடுத்துக்கிட்டு அது எங்கருந்து வந்தது, நாம என்னன்னு சொல்லலாம், அது ஏன் இவ்ளோ படுத்துதுன்னு பாத்துடலாம்.

மொதல்ல பொருள். ஒரு லைன் ரெண்டா பிரியற இடம் பாயிண்ட். இடது பக்கம் பிரியற பாயிண்ட்னு வெச்சுக்குவோம். நேரா போற லைனோட இடது தண்டவாளமும், பிரிஞ்சு போற லைனோட வலது தண்டவாளமும் ஒரு இடத்துல ஒண்ண ஒண்ணு வெட்டியே ஆகணும், வேற வழியே இல்ல. அந்த வெட்டற இடத்துல இருக்கற 'வி' மாதிரி கூர்முனையும், அத ஒட்டி ரெண்டு பக்கமும் றெக்கை மாதிரி வளைஞ்சு நிக்கற தண்டவாளத் துண்டும் சேந்ததுதான் ஃப்ராக். சக்கரத்தோட உள்விளிம்பு, அதான் ஃப்ளாஞ்ச், போறதுக்கு அங்க ஒரு இடைவெளி விட்டிருப்பாங்க. அந்த இடைவெளியால சக்கரம் ஒரு நொடி பிடிமானம் இல்லாம தாண்டுது, நிஜ ரயில்ல யார்டு பக்கம் போறப்ப கேக்கற டடக் டடக்ல பாதி இந்த இடத்து சத்தம்தான். தாண்டறப்ப சக்கரம் தப்பான பக்கம் நுழையாம இருக்க எதிர் தண்டவாளத்துக்கு பக்கத்துல ஒரு சின்ன தண்டவாளம் போட்டிருப்பாங்க, அது செக் ரெயில்.

இப்ப தவளை எங்கருந்து வந்தது? குளத்துலருந்து இல்ல, குதிரை கால்லருந்து. குதிரை குளம்ப தூக்கி அடிப்பக்கம் பாத்தா நடுவுல ரப்பர் மாதிரி ஒரு முக்கோண சதை, கூர் முன்பக்கம் பாத்து இருக்கும், பின்னாடி ரெண்டா பிளந்திருக்கும். அதுக்கு இங்கிலீஷ்ல 17ஆம் நூற்றாண்டுலயே ஃப்ராக்னு பேரு. லாடம் அடிக்கறவங்களுக்கு தினம் புழங்கற சொல். அப்புறம் 19ஆம் நூற்றாண்டுல அமெரிக்காவுல ரயில் லைன் போட ஆரம்பிச்சப்ப இந்த 'வி' வடிவ இரும்ப பாத்தவங்களுக்கு குதிரை குளம்பு ஞாபகம் வந்திருக்கு, அதே பேர வெச்சுட்டாங்கன்னுதான் பொதுவா சொல்றாங்க. குளம்புக்கு ஏன் தவளைன்னு பேரு வந்துச்சுங்கறது அத விட குழப்பம், பிரெஞ்சுல அந்த சதைக்கு ஃபூர்ஷெத், அதாவது சின்ன கவை, அத இங்கிலீஷ்காரன் வாய்க்கு வந்தபடி திரிச்சு ஃப்ராக் ஆக்கிட்டான்னு ஒரு கட்சி. ஆனா பழைய கிரேக்க கால்நடை வைத்திய நூல்கள்லயும் குளம்போட அந்த பாகத்துக்கு தவளைங்கற அர்த்தத்துல பாட்ராகோஸ்னுதான் பேரு இருக்கு, அதனால அது வெறும் திரிபுன்னும் முடிச்சுட முடியல. செனஃபோன்னு ஒரு கிரேக்கர் கி.மு. 4ஆம் நூற்றாண்டுல குதிரையேத்தம் பத்தி எழுதினப்ப அதே பாகத்த தவளைன்னு சொல்லல, தகைவிலான் குருவின்னு சொல்லிருக்கார், வாலு ரெண்டா பிளந்திருக்கும் பாருங்க அதனால. எனக்கு என்னமோ குருவிதான் பொருத்தமா தெரியுது.

செங்கல் மேல இருக்கற பள்ளத்துக்கும் ஃப்ராக்தான், வயலின் வில்லுல கை பிடிக்கற கட்டைக்கும் ஃப்ராக்தான், அதுக்குள்ள எல்லாம் போனா இந்த கட்டுரை முடியாது.

முக்கியமான விஷயம், இந்த ஃப்ராக்ங்கற பேரு அமெரிக்க வழக்கு. பிரிட்டிஷ் ரயில்வேயில அதுக்கு கிராசிங்னு பேரு, அங்கருந்து வந்த நம்ம இந்தியன் ரயில்வேயிலயும் கிராசிங்தான். பாயிண்ட்ஸ் அண்ட் கிராசிங்ஸ்னு ஒரே மூச்சுல சொல்வாங்க. நகர்ற பிளேடுக்கு டங் ரெயில், அதாவது நாக்கு, கிராசிங்கோட கூர்முனைக்கு நோஸ், அதாவது மூக்கு. குளம்பு இல்லாட்டியும் ஒரு மூஞ்சி வந்துடுச்சு. எவ்ளோ கோணத்துல வெட்டுதுங்கறத 1க்கு 8½, 1க்கு 12ன்னு சொல்றது அந்த கிராசிங்க வெச்சுதான், பன்னெண்டு அடி போனா ஒரு அடி விலகும்னு அர்த்தம். அமெரிக்க மாடல்காரங்க நம்பர் 4, நம்பர் 6, நம்பர் 8னு பாயிண்ட் வாங்கறதும் இதே கணக்குதான். ஜெர்மன்ல ஹெர்ட்ஸ்ஷ்டுக், பிரெஞ்சுல கேர், ரெண்டுமே இதயம்ங்கற சொல்ல வெச்சு வந்தது. இப்படி ஊருக்கு ஒரு பேரு இருக்கறப்ப மாடல் ரயில் உலகத்துல மட்டும் பிரிட்டிஷ்காரங்க கூட ஃப்ராக்னே பேச ஆரம்பிச்சுட்டாங்க. அதுக்கு ஒரு காரணம் இங்கிலாந்துல டெவன்ல பீர்ங்கற ஊர்ல இருக்கற, மாடல் தண்டவாளம் பண்ற பீக்கோ கம்பெனி தன்னோட பாயிண்ட்டுகளுக்கு இன்சுல்ஃப்ராக், எலெக்ட்ரோஃப்ராக்னு பேர் வெச்சதுன்னு நான் நினைக்கறேன். டப்பா மேல எழுதி இருக்கறதுதானே கடைசில வாயில நிக்கும்.

அந்த ரெண்டு பேருக்கும் நடுவுலதான் எஞ்சின் நிக்கற கதையே இருக்கு. ரெண்டு தண்டவாள டிசி சிஸ்டத்துல ஒரு தண்டவாளம் பிளஸ், இன்னொண்ணு மைனஸ், சாதாரணமா 12 வோல்ட் வரைக்கும். மேல சொன்ன இடது பாயிண்ட்டயே எடுத்துக்கோங்க, நேரா போறப்ப ஃப்ராக் மேல ஏறறது இடது சக்கரம், பிரிஞ்சு போறப்ப ஏறறது வலது சக்கரம், அப்ப அந்த ஒரே இரும்புத் துண்டு ஒரு தடவ பிளஸ்ஸா இருக்கணும் இன்னொரு தடவ மைனஸ்ஸா இருக்கணும். ரெண்டுமா ஒரே நேரத்துல இருந்தா ஷார்ட். மெர்க்லின்ங்கற ஜெர்மன் கம்பெனியோட ரயில் வெச்சிருக்கறவங்களுக்கு இந்த தலைவலி இல்ல, அவங்க எச்ஓ சைஸ் லைன்ல நடுவுல வரிசையா இருக்கற குமிழ்லருந்து ஒரு பக்கம் கரண்ட், ரெண்டு தண்டவாளமும் சேந்து மறுபக்கம், அதனால எது எத வெட்டினாலும் கவலை இல்ல.

இன்சுல்ஃப்ராக்ல அந்த முனைய பிளாஸ்டிக்ல பண்ணி பிரச்சினையவே தள்ளி வெச்சுட்டாங்க, வயரிங் எதுவும் வேணாம், டப்பாலருந்து எடுத்து மாட்டினா ஓடும், ஆனா அந்த துண்டுல கரண்ட் கிடையாது. இதத்தான் டெட் ஃப்ராக்ங்கறாங்க. எலெக்ட்ரோஃப்ராக்ல முனை முழுக்க உலோகம், கரண்ட் உண்டு, லைவ் ஃப்ராக், ஆனா பாயிண்ட் எந்த பக்கம் திரும்பி இருக்கோ அதுக்கேத்த மாதிரி பிளஸ் மைனஸ் மாறணும். அப்புறம் வந்த யூனிஃப்ராக்ல உலோக முனைய சின்னதா தனியா பிரிச்சு ஒரு வயர் மட்டும் கீழ தொங்க விட்டிருப்பாங்க, வேணும்னா இணைச்சுக்கலாம், வேணாம்னா டெட்டாவே விட்டுடலாம்.

சரி எஞ்சின் நிக்குது, என்ன பண்ணலாம்? எல்லா இடத்துலயும் திக்கித் திக்கி போனா எஞ்சின்ல கோளாறு, ஒரே இடத்துல மட்டும் நின்னா தண்டவாளத்துல கோளாறு, இத முதல்ல முடிவு பண்ணிட்டு அப்புறம் ஸ்க்ரூ டிரைவர கைல எடுங்க. டெட் ஃப்ராக் மேல நாலு சக்கர ஷண்டிங் எஞ்சின் நிக்குதுன்னா அது கோளாறே இல்லாம கூட இருக்கலாம், கணக்கு அப்படி, ரெண்டு அச்சுக்கும் நடுவுல இருக்கற தூரம் குட்டி, அதுல ஒரு அச்சுல இழுவைக்கு ரப்பர் டயர் மாட்டி இருந்தா அந்த சக்கரம் கரண்ட் எடுக்காது, மிச்சம் இருக்கறதுல ஒரு பக்கச் சக்கரம் பிளாஸ்டிக் மேல ஏறின உடனே கதை முடிஞ்சுது. ஆறு சக்கரத்துலயும் எட்டு சக்கரத்துலயும் பிக்கப், அதாவது சக்கரத்த தொட்டு கரண்ட் எடுக்கற கம்பி, இருக்கற பெரிய எஞ்சின் அதே பாயிண்ட்ட தாண்டி போகும். அங்க பெரிய எஞ்சினும் நின்னா சக்கரத்துல கருப்பா அழுக்கு படிஞ்சிருக்கும், இல்ல பிக்கப் கம்பி வளைஞ்சு சக்கரத்த தொடாம நிக்கும். டிஷ்யூல ஐசோப்ரொபைல் ஆல்கஹால் நனைச்சு தண்டவாளம் மேல போட்டு, எஞ்சினோட ஒரு பாதி வெறும் தண்டவாளத்துல கரண்ட் எடுக்கற மாதிரியும் மறுபாதி டிஷ்யூ மேல சுத்தற மாதிரியும் கைல பிடிச்சுக்கிட்டா ரெண்டு கருப்புக் கோடு விழும் பாருங்க, கோடு விழறது நிக்கற வரைக்கும் பண்ணணும். உப்புத்தாள் போடாதீங்க, கீறல்ல போய் அடுத்த அழுக்கு சீக்கிரமா உக்காந்துக்கும்.

லைவ் ஃப்ராக் மேல எஞ்சின் நின்னா வேற கதை. பாயிண்ட்ட மாத்தறப்ப நாக்கு போய் பக்கத்து தண்டவாளத்த தொடுது இல்ல, அந்த தொடற இடம் வழியாத்தான் ஃப்ராக்குக்கு கரண்ட் போகுது. பெயிண்ட், பசை, சரளைக்கல் தூசி எது ஒட்டி இருந்தாலும் கரண்ட் நின்னுடும். மல்டிமீட்டர டிசி 20 வோல்ட்ல வெச்சு ஒரு முனைய ஃப்ராக்லயும் இன்னொண்ண வெளித் தண்டவாளத்துலயும் வெச்சு பாயிண்ட்ட மாத்தி மாத்தி பாத்தா தெரிஞ்சுடும். நாக்க சுத்தம் பண்ணினா சரியாகும், ஆனா அது திரும்ப வரும், நிரந்தரமா வேணும்னா பாயிண்ட் மோட்டரோட ஒரு மைக்ரோ ஸ்விட்ச் மாட்டி ஃப்ராக்குக்கு தனி வயர் குடுத்துடணும். டிசிசி, அதாவது தண்டவாளம் வழியா எஞ்சினுக்கு டிஜிட்டல் கட்டளை அனுப்பற சிஸ்டம், வெச்சிருக்கறவங்க ஃப்ராக் ஜூசர்னு ஒரு குட்டி சர்க்யூட் வாங்கி மாட்டறாங்க, ஷார்ட் ஆகறத பாத்து அதுவே கண்ணிமைக்கறதுக்குள்ள மாத்தி விட்டுடும். இன்னொண்ணு, எலெக்ட்ரோஃப்ராக் மாட்டறப்ப 'வி'லருந்து வெளிய போற ரெண்டு தண்டவாளத்துலயும் பிளாஸ்டிக் ஜாயினர், அதாவது தண்டவாளத்த சேத்துக்கிட்டே கரண்ட்ட தடுக்கற துண்டு, போடணும், கரண்ட் நாக்கு இருக்கற பக்கத்துலருந்து வரணும். இத விட்டுட்டு அந்தப்பக்கம் இன்னொரு கனெக்ஷன் குடுத்தா பாயிண்ட்ட மாத்தின உடனே மொத்த லேஅவுட்டும் ஷார்ட்டாகி உக்காந்துடும்.

டெட் ஃப்ராக்லயும் ஷார்ட் வரும், இது நிறைய பேர கடுப்பேத்தற விஷயம். பிளாஸ்டிக் முனைக்கு அப்புறம் எதிர் எதிர் கரண்ட் இருக்கற ரெண்டு தண்டவாளமும் ரொம்ப நெருக்கமா ஆரம்பிக்குது, அகலமான சக்கரம் ஒண்ணு அது ரெண்டையும் ஒரே நேரத்துல தொட்டுடும். பழைய டிசி கன்ட்ரோலர்ல ஒரு பொறி பறக்கும் அவ்ளோதான், வேகத்துல தாண்டிடும், டிசிசி ஆனா உடனே கட் பண்ணிடும். அதுக்கு வைத்தியம் அந்த முனையில கொஞ்சூண்டு நெயில் பாலிஷ். தேஞ்சா திரும்ப தடவணும்.

சக்கரம் முனையில முட்டி ஏறுதுன்னா அது கரண்ட் சமாச்சாரமே இல்ல. ஒரே அச்சுல இருக்கற ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல உள்பக்க தூரம், பேக் டு பேக்ங்கறாங்க, ஓஓ சைஸுக்கு பொதுவா 14.5 மில்லிமீட்டர், அது குறைஞ்சா அந்தப் பக்கம் செக் ரெயில்ல சிக்கும், கூடினா இந்தப் பக்கம் ஃப்ராக் மூக்குல முட்டும். ஒரு பெட்டிய மட்டும் கையால மெதுவா தள்ளிப் பாருங்க, விரலுக்கே தெரியும்.

இப்ப தமிழ்ச் சொல். தவளை வேணவே வேணாம், நமக்கு குதிரை குளம்பு வழியா வந்த ஞாபகம் எதுவும் இல்ல, சுத்தி வந்து தவளைய பிடிக்க என்ன தேவை? குறுக்குன்னு சொல்லலாமான்னா லெவல் கிராசிங்கும் டைமண்ட் கிராசிங்கும் அதுல வந்து கலந்துடும். என்னோட ஓட்டு கவைக்கு. மரக்கிளை ரெண்டா பிரியற இடம் கவை, கவடு, அதுலருந்து வெட்டி எடுக்கறது கவட்டை. பழைய தமிழ்ல பாதை பிரியறதுக்கும் இதே குடும்பத்து சொல்தான், கவர்த்தல்னா கிளை கிளையா பிரியறது, சிலப்பதிகாரத்துல காடுகாண் காதையில மதுரைக்கு போற வழி சூலம் மாதிரி பிரியற இடத்துக்கு கவர்க்கும்னுதான் இளங்கோ சொல்றார். வழி பிரியற இடத்துக்கே கவலைன்னும் ஒரு பேரு உண்டு, பாயிண்ட்ல எஞ்சின் நின்னு போனவங்களுக்கு அத விளக்க வேண்டியதில்ல. கவைன்ன உடனே "கவைக்குதவாதது"தான் சிலருக்கு ஞாபகம் வரும், வரட்டும், சொல் மறக்காது. பிரெஞ்சுக்காரன் குளம்புக்கு வெச்ச பேரும் கவைங்கற அர்த்தம்தானே.

அப்ப ஃப்ராக் கவை, அதோட கூர்முனை கவைமூக்கு, லைவ் ஃப்ராக் மின்கவை, டெட் ஃப்ராக் வெறுங்கவை. பிளேடுக்கு நாக்குன்னே இருக்கட்டும், செக் ரெயிலுக்கு தடுப்புத் தண்டவாளம். பாயிண்ட்ட நான் தொடல, அது தமிழாவே ஆயிடுச்சு. நண்பர்களுக்குள்ள பேசறப்ப, குறிப்பு எழுதறப்ப இதெல்லாம் வெச்சுக்கலாம், கடையில போய் மட்டும் மின்கவை குடுங்கன்னு கேக்காதீங்க, எலெக்ட்ரோஃப்ராக்னே கேளுங்க, கூடவே தண்டவாள உயரத்த சொல்ற கோட் நம்பர் 100ஆ 75ஆன்னும் பாத்து வாங்குங்க, தண்டவாள உயரம் மாறினா சாதாரண ஜாயினர்ல சேராது.