வீணையும் சிந்தசைசரும் எங்கே முட்டிக்கொள்கின்றன?

மெதுவாக நீளும் பின்னணி ஒலிகளால் ஆன ஆம்பியன்ட் இசைத்தட்டு ஒன்றில் வீணையோ வயலினோ சிந்தசைசரோடு ஒட்டவில்லை என்றால் பெரும்பாலானோர் முதலில் கைவைப்பது ரிவேர்ப்பில், அதாவது செயற்கை எதிரொலியில். அதை எவ்வளவு கூட்டினாலும் உறுத்தல் போகாது. கோளாறு சுருதியில் இருக்கிறது.

கீபோர்ட் ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காக்கி வைத்திருக்கிறது. கர்நாடக இசையில் பழகிய காது அந்தப் பங்கீட்டுக்குக் கட்டுப்படாது. ஸட்ஜம் 1 கட்டை, அதாவது 261.6 ஹேர்ட்ஸ் என்று வைப்போம். 5:4 விகிதத்தில் சேரும் அந்தர காந்தாரத்தின் மீடிறன் 327.0, கீபோர்ட்டின் காந்தாரமோ 329.6. இரண்டும் சேர்ந்து நீண்டு ஒலித்தால் செக்கனுக்கு 2.6 அடிப்பு, அதாவது ஒலி அத்தனை தடவை கூடிக் குறையும். உயர்தரப் பௌதிகவியலில் இசைக்கவையை வைத்து எண்ணிய அதே அடிப்புத்தான். நான்காம் இசையத்தில், அதாவது அடிப்படை மீடிறனின் நான்கு மடங்கில் எழும் மேற்றொனியில், அது நாலு மடங்காகி 10ஐத் தாண்டும். வயலின் போல மேற்றொனி நிறைந்த வாத்தியத்தில் காதை அரிப்பது இதுதான். வேகமான பாட்டில் சுரம் அவ்வளவு நேரம் நிற்காது, யாரும் கவனிக்கமாட்டார்கள். இங்கே ஒரு சுரம் பத்துச் செக்கன் நிற்கிறது.

பஞ்சமத்தில் இந்தத் தொல்லை இல்லை. 3:2 விகிதத்தின் 392.4க்கும் கீபோர்ட்டின் 392.0க்கும் இடையில் இரண்டே கால் செக்கனுக்கு ஓர் அடிப்பு. அது மெல்லிய அசைவாகவே கேட்கும், இந்த வகை இசைக்கு நல்லதும்கூட. ஆகவே பின்னணியில் நீளும் சிந்தசைசர் ஒலிக்கு ஸட்ஜமும் பஞ்சமமும் மட்டும் கொடுங்கள், காந்தாரத்தை வீணைக்கு விட்டுவிடுங்கள். தம்புரா செய்வதும் இதைத்தானே! அதன் ஸட்ஜத் தந்தியிலிருந்து ஐந்தாம் இசையமாக அந்தர காந்தாரம் தானாகவே எழும், அதுவும் சரியான விகிதத்தில். சிந்தசைசரின் சோ-டூத் (வாள்பல் வடிவ) அலையிலும் அந்த இசையம் இருக்கிறது. மேல் ஒலிகளை வெட்டும் ஃபில்டரை முழுவதும் மூடாமல் வைத்தால் போதும். காந்தாரத்தையும் வாசித்தே தீரவேண்டும் என்றால் அதை 14 சென்ட் (ஒரு சென்ட் அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்கு) இறக்கி, பஞ்சமத்தை 2 சென்ட் ஏற்றுங்கள். இலவசமாகக் கிடைக்கும் சேர்ஜ் எக்ஸ்டி என்ற சிந்தசைசர் மென்பொருளில், சுரங்களின் சுருதியைக் குறிக்கும் ஸ்காலா கோப்பு ஒன்றை ஏற்றினால் வேலை முடிந்தது.

கொழும்பில் இதற்கு மேல் வெயிலும் சேர்ந்துகொள்கிறது. இரைச்சலுக்காக ஏசியை நிறுத்துகிறோம். 24 பாகையில் இருந்த அறை 30க்கு ஏறுகிறது. சூடான காற்றில் ஒலி வேகமாகச் செல்வதால் புல்லாங்குழலின் சுருதி கணக்குப்படி 17 சென்ட் ஏறவேண்டும். ஊதும் மூச்சே குழலை ஓரளவு சூடாக்கியிருப்பதால் நடைமுறையில் கொஞ்சம் குறையும். வீணையின் உருக்குத் தந்தியோ சூட்டில் தளர்ந்து இறங்கும். ஒன்று ஏற, மற்றது இறங்க, சிந்தசைசர் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கும். ஏசியை நிறுத்தி அரை மணித்தியாலம் கழித்துச் சுருதி சேர்த்து, ஒவ்வொரு பதிவுக்கும் முன் மறுபடி பாருங்கள். வீணையில் மெழுகில் பதித்த மெட்டுகளும் நீண்ட வெப்பத்தில் இடம் பெயரும். ஒரு மெட்டு மட்டும் பிசகினால் சந்தேகம் அதன் மேல்தான் போகவேண்டும்.

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்க அறை என்றால் ரயிலும் உண்டு. புல்லாங்குழலுக்கு 150 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டினால் தண்டவாள உறுமல் பெரும்பாலும் போய்விடும். ஹோர்ன் போகாது, நிறுத்திக் காத்திருக்கவேண்டியதுதான். மைக்கை வாயிலிருந்து ஓர் அடிக்குச் சற்று மேலே, மூச்சு நேரே படாதபடி சரித்து வையுங்கள். 24 பிட், உச்சம் −12 டெசிபல். கண்டென்சர் மைக்கை சிலிக்கா ஜெல் போட்ட மூடிய பெட்டியில் வைக்காவிட்டால் ஈரப்பதத்தில் பொரிவது போலச் சத்தமிடத் தொடங்கும். வாசிப்பு இல்லாத வெற்று அறையை ஒரு நிமிடம் தனியே பதிவு செய்யுங்கள்: வீணை தேய்ந்து அடங்கும் இடத்தில் மெல்லிய ஒலியை அடைத்துவிடும் நொய்ஸ் கேட் போட்டால் ஒலி வெட்டுப்பட்டது போலாகும், அந்த வெற்றொலியை அடியில் பரப்பினால் ஒட்டு தெரியாது.

ரிவேர்ப் இதற்குப் பிறகுதான். 5 செக்கன் வால், எதிரொலி தொடங்குமுன் 40 மில்லிசெக்கன் முன்தாமதம், அதற்குள் போகும் ஒலியில் 250 ஹேர்ட்ஸுக்குக் கீழ் எதுவும் வேண்டாம். முன்தாமதம் இல்லாவிட்டால் தந்தியை மீட்டும் ஒலி மூழ்கிவிடும். சிந்தசைசர் ஒலி எழ 2 முதல் 4 செக்கன் எடுக்கட்டும். திடீரென்று எழும் ஒலிக்குத்தான் உடம்பு திடுக்கிடும்.

மாஸ்டரிங்கில் சத்தத்தைக் கூட்ட ஆசைப்படாதீர்கள். ஸ்பொட்டிஃபை வழமையாக −14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அலகு) அளவுக்குச் சமப்படுத்தும். அதைவிடச் சத்தமாகக் கொடுத்தால் இறக்கிவிடும். −17இல் விட்டாலும் நட்டமில்லை. உச்சங்களை அமுக்கிச் சத்தத்தைக் கூட்ட உதவும் லிமிட்டரை அழுத்தினால் முதலில் மேலே வருவது பக்கத்து வீட்டு ஏசியின் இரைச்சல்தான்.